மூன்றாவது தட்டில் யார் கை?

"ஊத்தாதீங்க!"

வராந்தாவின் கோடியிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள், ஆராய்ச்சிக்குச் செல் வளர்க்கும் செல் அறைக்காரி. வெள்ளைக் கோட்டில் ஒரு கை மட்டும்தான் நுழைந்திருந்தது. மறு கை பின்னால் வால் போலப் படபடத்தது. ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் ஆபீஸ் செருப்பு. குனிந்து பார்க்க நேரமில்லை.

அறைக்குள், கழுவும் தொட்டிக்கு நேர் மேலே, ஒரு கண்ணாடி ஜாடி சாய்ந்துகொண்டிருந்தது. சாய்த்துக்கொண்டிருந்தது அவளுடைய நாத்தனார். ஜாடியின் விளிம்பில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கியது.

"அண்ணி! ஜாடியை நிமிர்த்துங்க! அப்படியே மேஜை மேல வைங்க! அசையாதீங்க!"

"ஏம்மா, கையில என்ன துப்பாக்கியா வச்சிருக்கேன்? பழைய ஸ்பிரிட்டு. நாத்தம் புடிச்சுக் கெடக்கு."

"அது ஸ்பிரிட் இல்ல அண்ணி. சாட்சி."

நாத்தனார் ஜாடியை மேஜையில் வைத்தாள். சொட்டு உள்பக்கமாக இறங்கிவிட்டது. செல் அறைக்காரி மூச்சு விட்டாள். அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய நுண்ணோக்கி இருந்த இடத்தில் ஒரு மீன் தொட்டி. உள்ளே ஒரு மீன், வீட்டுக்காரர் வாடகைக்காரரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தது.

"மூணு மணிக்குத்தானே கூட்டம்? அதுக்குள்ள குடி வந்தாச்சா?"

"குடி வரல. மீனுக்கு இடம் ஒத்துக்குதான்னு பாக்க வேணாமா?" நாத்தனார் அளவு நாடாவை ஜன்னலுக்கும் சுவருக்கும் இடையே இழுத்தாள். "அந்தப் பக்கம் நாலு தொட்டி வைக்கலாம். உன் இன்குபேட்டர் போனதும் அஞ்சு."

விஷயம் இதுதான்.

அது ஒரு மாட்டு ஆராய்ச்சி நிலையம். அதில் மீனுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. நிலையங்களில் எல்லாம் இப்படித்தான் ஏதாவது நீந்திக்கொண்டு உள்ளே வந்துவிடும். நாத்தனார் மீனின் ஹார்மோனை அளப்பவள். செல் அறைக்காரியின் வேலை மாட்டின் மடி. குறிப்பாக, மடிக்குள் இருக்கும் கொழுப்பு. அதனால் நிலையம் முழுக்க அவளுக்குக் 'கொழுப்பு மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் திரும்பிப் பார்ப்பாள்.

இளம் கிடேரியின் மடியைத் தொட்டுப் பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். பெரும்பாலும் கொழுப்பு. அந்தக் கொழுப்புக்குள்தான், செடியின் வேர் மண்ணில் இறங்குவது போல, பால் சுரக்கப் போகும் செல்கள் மெல்லப் பரவும். வளரச் சொல்லி ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வரும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். செல் அறைக்காரி சொன்னது அடுத்த படி: ஹார்மோன் பால் செல்லிடம் நேரே போய்ப் பேசுவதில்லை. அது கொழுப்பின் காதில் ஓதுகிறது. கொழுப்பு தன் பங்குக்கு எதையோ சுரந்து, பக்கத்து வீட்டுப் பால் செல்லை உசுப்பிவிடுகிறது.

"அதாவது, உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வேலை ஆகணும்னா உங்க நாத்தனார் மூலமாச் சொல்ற மாதிரி" என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார்.

"ஆமா சார். ஆனா நாத்தனாரே வீடு முழுக்க உக்காந்துக்கிட்டா, வேலை நடக்காது. கன்னுக்குட்டியில அளவுக்கு மீறித் தீனி போட்டா அதுதான் ஆகுது. கொழுப்பு பெருத்துடும், பால் செல் ஒடுங்கிடும். பாக்கப் பெரிய மடி, கறந்தா ஒண்ணும் இருக்காது."

இந்தப் பேச்சு எப்படியோ நாத்தனார் காதுக்குப் போனது. அன்றிலிருந்துதான் அவள் கையில் அளவு நாடா.

செல் அறைக்காரி தன் கட்சியை நிரூபிக்க நாலு தட்டு வைத்தாள். முதல் தட்டில் வெறும் பால் செல், அதன் மேல் ஒரு காலி வலை. இரண்டாவதில் பால் செல்லோடு ஹார்மோன். மூன்றாவதில் பால் செல்லுக்கு மேலே, ஒரு சின்ன வலைத் தட்டில், கிடேரியின் மடிக் கொழுப்பு, ஹார்மோன் கிடையாது. நாலாவதில் கொழுப்பும் உண்டு, ஹார்மோனும் உண்டு.

நாலாவது மட்டும் ஓகோவென்று வளர வேண்டும். வளர்ந்தது. ஆனால் மூன்றாவதும் அதே ஓகோவோடு வளர்ந்து நின்றது! ஹார்மோனே போடாத தட்டு! திரும்பச் செய்தாள். திரும்பவும் வளர்ந்தது. இன்னொரு முறை செய்தாள். இன்னும் நன்றாக வளர்ந்தது.

இயக்குநர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணு, கொழுப்புக்கு ஹார்மோனே தேவையில்ல. அப்ப உன் கதை பொய். இல்ல, உன் கை சுத்தமில்ல. அப்ப உன் கையே பொய். புதன்கிழமை மூணு மணிக்குள்ள எதுன்னு காட்டு. காட்டலேன்னா அறை மீனுக்கு."

இன்று புதன்கிழமை.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவளுக்குப் பளிச்சென்றது. பிரஷ்ஷைக் குவளைத் தண்ணீரில் முக்கினாள். குவளையில் நுரை. யாருடைய பிரஷ்ஷோ முக்கிய நுரை.

இடுக்கி! எல்லாத் தட்டையும் தொடும் ஒரே சாமான் அந்த இடுக்கிதான். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதை ஆல்கஹால் ஜாடியில் முக்குவார்கள். வேறு இடங்களில் முக்கிவிட்டு நெருப்பில் காட்டுவார்கள். இங்கே நெருப்புக்குத் தடை. விருந்தினர்களுக்கு அடுப்பைப் பற்றவைத்துக் காட்டப் போய் இயக்குநர் தன் மீசையில் பாதியைப் பற்றவைத்துக்கொண்ட நாளிலிருந்து, ஜாடி மட்டும்தான். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். ஹார்மோனைக் கொல்லாது. அதில் ஹார்மோன் கரையும். கரைந்து, இடுக்கியில் ஏறி, தட்டுத் தட்டாகப் பயணம் போகும்.

பல்லில் பாதி தேய்த்த பேஸ்ட்டோடு கிளம்பியவள்தான் இந்த ஓட்டம் ஓடி வந்தாள்.

இனி ஒரே ஒரு சிக்கல். நிலையத்தில் ஹார்மோன் அளக்கும் கருவி ஒன்றே ஒன்று. அது நாத்தனார் அறையில் இருக்கிறது.

"அண்ணி, இந்த ஜாடியைக் கொஞ்சம்..."

"உன் அழுக்கை நானே அளந்து தரணுமா?" நாத்தனாரின் முகம் மலர்ந்தது. "குடு, குடு. சந்தோஷமா அளக்கிறேன்."

கருவி அதன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில், செல் அறைக்காரி சந்தேக நபர்களை மனதில் வரிசையாக நிறுத்தினாள். அந்த இடுக்கியைத் தொடுபவர்கள் மூன்றே பேர். அவள். அவள் கணவர். இயக்குநர்.

அவள் இல்லை. ஆராய்ச்சிக்கான ஹார்மோனை அவள் வேறு அறையில் கலக்குவாள், வேறு கையுறையோடு.

கணவர் நிலையத்துக் கால்நடை டாக்டர். கிடேரியின் மடியிலிருந்து கடுகளவு கொழுப்பை வலிக்காமல் எடுத்து வருவார். வந்து, தானே நறுக்கி, தானே இடுக்கியால் எடுத்து வலையில் வைப்பார். கை நடுங்காத மனிதர். அவருக்கும் ஹார்மோனுக்கும் என்ன சம்பந்தம்?

மிச்சம் இயக்குநர். விருந்தினர் வந்தால் இடுக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். பேச்சு சுவாரசியமானால் அதையே தொப்பிக்குள் விட்டுச் சொறிந்துகொள்வார். தொப்பி! வெயிலானாலும் மழையானாலும் கழற்றாத தொப்பி! அதற்கடியில் என்ன நடக்கிறது? முடி கொட்டுவதற்குப் பூசும் லோஷன்களில் சிலவற்றில் பெண் ஹார்மோன் இருக்கும் என்று அவள் படித்திருக்கிறாள்.

தொலைபேசி அலறியது. நாத்தனார்.

"ஏம்மா, ஜாடி நிறைய ஈஸ்ட்ரோஜன்! ஆண் மீன் குடிச்சாக்கூட முட்டை போட்டுடும். உன் கை அவ்வளவு லட்சணம்!"

வைத்துவிட்டு நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், தொப்பியைக் கழட்டுங்க."

பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது.

"என்னம்மா சொன்னே?"

"தலைக்கு ஏதாவது போடுறீங்களா சார்? லோஷன்? களிம்பு? ரகசியமா?"

இயக்குநர் எழுந்தார். கதவைச் சாத்தினார். மெதுவாக, கொடியை இறக்குவது போல, தொப்பியைக் கழற்றினார். அறையில் சட்டென்று வெளிச்சம் கூடியது.

"நல்லாப் பாரு. ஏதாவது போட்ட தலை மாதிரியா இருக்கு?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் உதட்டைக் கடிக்கிறே?"

"ஒண்ணுமில்ல சார். டியூப் லைட் ரெண்டாத் தெரியுது."

வெளியே வந்தபோது அவள் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது. "மூணு மணிக்கு நான் வரும்போது பொட்டியைக் கட்டி வச்சிரு!" என்ற குரல் முதுகில் வந்து விழுந்தது.

சந்தேகப்பட யாரும் இல்லை. ஆனால் ஹார்மோன் இருக்கிறது. அப்படியானால் கண்ணால் பார்ப்பதுதான் வழி. கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நம்ம கிடேரி ராணி மடியிலிருந்து கொஞ்சம் கொழுப்பு வேணும். மூணு மணிக்கு. எல்லார் முன்னாடியும். வழக்கமா எப்படிச் செய்வீங்களோ அதே மாதிரி. ஒண்ணைக் கூட மாத்தக் கூடாது."

"இன்னைக்கு ராணி கோவமா இருக்கா."

"நானும்தான்."

"சரி, ராணிகிட்டயே பேசிக்கிறேன்."

மூன்று மணி. செல் அறையில் இயக்குநர், தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டபடி. நாத்தனார், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் சொந்தக்காரி போல. மீன், மீன் மாதிரியே. செல் அறைக்காரி பெட்டி எதுவும் கட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வெளியே ஸ்கூட்டர் சத்தம். டாக்டர் உள்ளே வந்தார். ஒரு கையை உடம்போடு ஒட்டி இறுக்கி வைத்திருந்தார். கொழுப்பு இருக்கும் குழாய், சூடு ஆறாமல் இருக்க அவர் அக்குளில். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அடடா, அந்த முடி! கறுகறுவென்று, அலையலையாக, சீப்பு உள்ளே போனால் வழி கேட்டுத்தான் வெளியே வர வேண்டும். அந்த முடியைப் பார்த்துத்தான் அவள் கல்யாணத்துக்குச் சரி என்றாள். பெண் பார்க்க முதல் முதலாக வீட்டுக்கு வந்த அன்று, உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது: "ஃபேனை நிறுத்துங்க, ப்ளீஸ். காத்து எனக்கு ஒத்துக்காது." வேர்த்து வழிந்தபடி, தலையை அப்படி இப்படி அசைக்காமல், சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கூச்ச சுபாவம் என்று அவள் உருகிவிட்டாள்.

"ஆரம்பிக்கட்டுமா?" என்றார் டாக்டர்.

"ஆரம்பிங்க."

கை கழுவினார். கையுறை போட்டார். இரண்டு கையாலும் தலைமுடியை முன்னிருந்து பின்னாக, அருமையாக, ஒரு தடவு தடவினார். கையுறைக்கு ஆல்கஹால் அடித்தார். இடுக்கியின் நுனியைப் பிடித்துத் துடைத்து, ஜாடியில் முக்கினார்...

"நில்லுங்க!"

மீன் ஒரு சுற்றுச் சுற்றியது.

"என்னம்மா?"

"இப்ப என்ன பண்ணீங்க?"

"இடுக்கியை முக்கினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"கைக்கு ஸ்பிரிட் அடிச்சேன்."

"அதுக்கும் முன்னாடி?"

டாக்டர் யோசித்தார். கை தானாகவே மேலே போனது. பாதி வழியில் நின்றது.

"தலையை... தடவினேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பழக்கம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி தடவிக்கிட்டாத்தான் எனக்குக் கை ஓடும். அதான் ஸ்பிரிட் அடிக்கிறேனே! கிருமி எல்லாம் செத்துடும்!"

"கிருமி செத்துடும். தலைக்கு என்ன தடவுறீங்க?"

டாக்டரின் முகத்தில் குடும்பப் பெருமை பரவியது. "எங்க பரம்பரைத் தைலம். உனக்குத் தெரியாதா? அக்கா காய்ச்சித் தருவாங்க. வெறும் வேரும் இலையும். எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து..."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சின்னப் பழுப்புப் பாட்டிலை எடுத்தார். ஸ்கூட்டரில் போகிற மனிதர், கூடவே வைத்திருப்பார்.

செல் அறைக்காரி பாட்டிலை வாங்கினாள். நாத்தனார் பக்கம் நீட்டினாள். "அண்ணி, இதைக் கொஞ்சம் அளந்து பாக்கலாமா?"

நாத்தனாரின் முகத்தில் காலையில் மலர்ந்தது எல்லாம் வாடியது. "தைலத்தை எல்லாம் அளக்க முடியாதும்மா. மெஷின் கெட்டுடும்."

"போன வாரம் மீன் கொழுப்பை அளந்தீங்களே?"

"அது மீன் கொழுப்பு. சாது."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "ஒரு நிமிஷம். எனக்குப் புரியல. தைலத்துல ஹார்மோன் இருக்குன்னே வச்சுக்கோ. அப்பவும் உன் வேலை பாழ்தானே? எல்லாத் தட்டும் கலப்படம்!"

"அங்கதான் சார் விஷயமே!" செல் அறைக்காரி முதல் தட்டைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "இதுல கொழுப்பு கிடையாது. ஆனா காலி வலையை வச்சதும் இதே இடுக்கிதான். இதே ஜாடிதான். ஹார்மோன் இதுக்குள்ளயும் போயிருக்கு. வளர்ந்துச்சா?"

"இல்ல."

"ரெண்டாவது தட்டுல நானே ஊத்தினேன். வளர்ந்துச்சா?"

"அட, இல்ல!"

"மூணாவதும் நாலாவதும்தான் வளர்ந்துச்சு. ரெண்டுலயும் கொழுப்பு இருக்கு. ஹார்மோன் நாலு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கு சார். கொழுப்பு குடியிருந்த வீட்டுல மட்டும்தான் வேலை நடந்திருக்கு. நான் சொன்னதும் அதுதானே!"

இயக்குநர் தொப்பிக்குள் சொறிந்தார். நல்லவேளை, விரலால். நாலு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பொறி. ஆனால் அவரும் இயக்குநர் நாற்காலிக்குச் சும்மா வந்துவிடவில்லை.

"சரி. ஆனா ஹார்மோன் அந்தத் தைலத்துலேர்ந்துதான் வந்துச்சுன்னு காட்டணும். அதுவரைக்கும் இது வாய்ப்பந்தல். வேரும் இலையும்னு உன் புருஷனே சொல்றாரு. அளக்கவும் முடியாதாம். அப்புறம் நான் எதை நம்பி அறையைக் குடுக்கிறது?"

மீன் தொட்டியில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

செல் அறைக்காரி கணவரைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, கிடேரியின் மடி ரோமத்தை மழிக்கும் மெஷினை எடுத்து மேலே வைத்தாள்.

"அளக்க வேணாம் சார். வேற வழி இருக்கு. என்னங்க, இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. முதல்ல முடியை எடுத்துடலாம். இன்னையிலேர்ந்து தைலத்தை நிறுத்திடுங்க. சுத்தமான தலையோட வந்து திரும்ப நாலு தட்டு வைங்க. மூணாவது தட்டு வளரலேன்னா, குத்தவாளி தைலம்தான்."

"ஏம்மா, ராணிக்குப் போட்ட மெஷினா?" டாக்டரின் குரல் கன்றுக்குட்டி போல வந்தது.

"கழுவிட்டேன். உக்காருங்க."

மெஷின் 'ர்ர்ர்' என்றது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேணாம்!" நாத்தனார் இடையில் பாய்ந்தாள். அளவு நாடா கையிலிருந்து உருண்டு மீன் தொட்டிக்குள் விழுந்தது. "எடுத்தா வளராது! தைலத்தை நிறுத்தினா ஒரே மாசத்துல எல்லாம் கொட்டிடும்!"

மெஷின் நின்றது.

"எப்படித் தெரியும் அண்ணி?"

நாத்தனார் மேஜையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், அந்தப் பக்கம் வைப்பதாக இருந்த நாலு தொட்டிக்கான இடத்தைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தாள். தம்பியின் தலையைப் பார்த்தாள். தம்பியின் தலை ஜெயித்தது.

"அதுல பாதி மருந்துக்கடை லோஷன். ஈஸ்ட்ரோஜன் லோஷன். டாக்டர் சீட்டு என் பேர்ல வாங்கினது. வாசனைக்குத்தான் வேரும் இலையும்."

"அக்கா!" டாக்டர் ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார். "அப்ப நம்ம பரம்பரை?"

"நம்ம பரம்பரையா? அப்பா போட்டோவுல எதுக்குடா எப்பவும் தலையில துண்டு? சித்தப்பா எதுக்குக் குளிக்கும்போது கூடத் தொப்பி போட்டாரு? நம்ம பரம்பரையில தைலமும் இல்ல, தடவுறதுக்கு முடியும் இல்ல!"

இயக்குநர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அறை கொழுப்புக்கே" என்று அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த லோஷன் பேரு என்னம்மா?" என்றார்.

யாரும் அவரைக் கவனிக்கவில்லை. செல் அறைக்காரி வெற்றி பெற்ற ஆள் மாதிரியே இல்லை. பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆனா அண்ணி, இதை எங்கிட்ட ஒளிக்கணும்னு என்ன இருக்கு? முடி கொட்டினா கொட்டிட்டுப் போகுது. நான் என்ன விட்டுட்டா ஓடிடுவேன்?"

"இப்பச் சொல்லுவே! கல்யாணத்துக்கு முன்னாடி எங்கிட்ட வந்து, 'மாப்பிள்ளைக்கு முடி அழகா இருக்கு, அதுக்காகவே சரின்னேன்'னு சொன்னது யாரு? நீதானே? அதைக் கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரியே லோஷனைத் தேடி ஓடினவ நான். கல்யாண நாளுக்குள்ள அவன் தலையில எதையாவது முளைக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"முளைக்க வைக்கவா? அண்ணி, நான் பார்த்த அன்னைக்கே தலை நிறைய இருந்துச்சே?"

டாக்டர் திடீரென்று மீன் தொட்டியில் கிடந்த அளவு நாடாவை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

நாத்தனார் பெருமூச்சு விட்டாள்.

"அவன் எதுக்கும்மா அன்னைக்கு ஃபேனை நிறுத்தச் சொன்னான்னு நினைச்சே? அது விக்கு."